உப்புத் தண்ணீரும் டீசல் அடிட்டிவும்: தேங்காய்ப்பட்டணம் விசைப்படகு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

படகு உரிமையாளர்களின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர், படகின் பெயர், டீசலில் கலக்கும் மருந்தான அடிட்டிவ்களின் பெயர் எதையும் சொல்லவில்லை. நாகர்கோவிலில், டீசலை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் பம்புகளைச் சரிபார்த்து அளவு திருத்தும் காலிபரேஷன் வேலை செய்கிறோம். "இப்போ வர்ற டீசலுக்கு எந்த அடிட்டிவ் ஊத்தலாம்?" என்று கேட்டுக்கொண்டு கரையிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் நடந்ததை முழுதாகப் பதிகிறேன்.

பின்னணி

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் தூண்டில் படகு இது. அண்ணன், தம்பி இருவர் உரிமையாளர்கள். அண்ணன் கரையில் கணக்கு வழக்கைப் பார்க்கிறார், தம்பி கடலுக்குப் போகிறார். கிளம்பினால் வாரக்கணக்கில் தங்கல் என்பதால் இரும்புத் தொட்டிகளில் ஆயிரக்கணக்கான லிட்டர் டீசல் போகும். எஞ்சின் இரண்டு. ஓட்டத்துக்கு ஆறு சிலிண்டர் எஞ்சின், அதில் இன்லைன் பம்ப். விளக்குக்கும் மற்ற மின்சாரத் தேவைக்கும் ஜெனரேட்டர் எஞ்சின், அதில் ரோட்டரி பம்ப். இரண்டுக்கும் ஒரே டீசல்தான். ஜெனரேட்டருக்கு மட்டும் இடையில் தனியாக ஒரு சிறு தொட்டி உண்டு.

பம்புகளின் வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள அதுதான் சாவி. இன்லைன் பம்பில் கேம் ஷாஃப்ட்டும் ரோலர் டேப்பெட்டும் எஞ்சின் ஆயிலில் ஓடும். டீசலை அழுத்தும் பிளஞ்சரும் அது ஓடும் பேரல் என்ற உறையும் மட்டுமே டீசலை நம்பி இருக்கும். ரோட்டரி பம்பில் ரோலர், கேம் பிளேட், உள்ளே இருக்கும் வேன் பம்ப் என எல்லாமே டீசலிலேயே ஊறி ஓடும். அதற்கு வேறு ஆயில் கிடையாது. டீசலில் மசகு குறைந்தாலும் தண்ணீர் கலந்தாலும் முதலில் அடி வாங்குவது ரோட்டரிதான்.

டீசலும் மாறியிருக்கிறது, அது உண்மைதான். கந்தகத்தின் உச்ச அளவு பிஎஸ் 3 (பாரத் ஸ்டேஜ் 3 என்ற புகை விதி) காலத்தில் 350 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 350 பங்கு. 2017 ஏப்ரல் முதல் நாடு முழுக்க 50. 2020 ஏப்ரல் 1 முதல், பிஎஸ் 6 வந்தபோது, 10. "கந்தகம் போச்சு, அதோட பசையும் போச்சு அண்ணே" என்பது கரையில் எல்லோரும் சொல்லும் பேச்சு. அதில் பாதிதான் சரி. கந்தகம் தானாக மசகு தருவதில்லை. ஹைட்ரஜன் கொண்டு கந்தகத்தை நீக்கும்போது, இரும்பின் மேல் படலமாக ஒட்டிக் காப்பாற்றும் ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்களும் கூடவே போய்விடுகின்றன. அந்தக் குறையை ஈடுகட்ட மசகு அடிட்டிவ் கலந்துதான் டீசலை வெளியே அனுப்புகிறார்கள். பெட்ரோல் பங்குக்கு வரும் டீசல் ஏற்கெனவே மருந்து போட்ட டீசல்.

இதற்கு ஒரு பரிசோதனையும் உண்டு. எச்எஃப்ஆர்ஆர் என்று பெயர். 2 மில்லி டீசலை 60 டிகிரி சூட்டில் வைத்து, 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை 200 கிராம் பாரத்தோடு ஓர் எஃகுத் தட்டின் மேல் 75 நிமிடம் தேய்ப்பார்கள். தேய்ப்பு ஒரு மில்லிமீட்டர் நீளம், நொடிக்கு 50 முறை. கடைசியில் குண்டில் விழுந்திருக்கும் தேய்மானத் தழும்பை மைக்ராஸ்கோப்பில் அளப்பார்கள். நம் நாட்டின் ஐஎஸ் 1460 தரப்படி தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது.

முதல் பழுது

மேற்குக் கடற்கரைத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கொல்லங்கோடு, குளச்சல், முட்டம் பக்கத்துப் படகுகள் அப்போதுதான் பழுது பார்க்கும். (சின்னமுட்டம் படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் பட்டறைக்காரனுக்கு இரண்டு சீசன்.) அப்படி ஒரு தடைக்காலத்தில் இந்தப் படகின் ஜெனரேட்டர் பம்ப் தேய்ந்துபோய், வேறொரு பட்டறையில் புதுப்பித்துப் போட்டிருக்கிறார்கள். சூடான பிறகு ஸ்டார்ட் ஆகாது, லோடு கொடுத்தால் இழுக்காது என்பதுதான் புகார். பம்பை மட்டும் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். தொட்டியை யாரும் பார்க்கவில்லை.

"புது டீசலில் பசை இல்லாததால்தான் போனது" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட டிரைவர் இரண்டு காரியம் செய்தார். 200 லிட்டர் பேரலுக்கு ஒரு லிட்டர் வீதம் எஞ்சின் ஆயிலைத் தொட்டியில் ஊற்றினார். இது அவர் இளவயதிலிருந்து பார்த்து வந்த பழக்கம். அதோடு, மசகு அதிகமாகும் என்று விற்ற ஒரு பாட்டில் அடிட்டிவையும், லேபிளில் சொன்ன அளவைப்போல இரண்டு மடங்கு ஊற்றினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் முப்பது வருஷத்துக்கு மேல் கடலில் எஞ்சின் ஓட்டியவர், சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று சொல்லக்கூடியவர். ஆயில் ஊற்றியபின் சத்தம் அடங்கியதாகச் சொன்னார். இருக்கலாம்.

எங்களிடம் வந்தபோது பார்த்தது

சீசன் பாதியில், திரும்பி வரும் ஓட்டத்தில் மெயின் எஞ்சின் தானாக வேகம் குறைந்தது. ஃபில்டரை மாற்றினால் ஓடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி இழுக்காது. கையிலிருந்த ஃபில்டர்கள் எல்லாம் தீர்ந்து, கடைசி ஃபில்டரோடு துறைமுகத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். தேங்காய்ப்பட்டணத்து முகத்துவாரம் எப்படிப்பட்டது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மணல் மேடும் அலையும் சேர்ந்து படகைக் கவிழ்த்து உயிரைக் குடித்த இடம் அது. அந்த வாயில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை நினைத்துத்தான் தம்பி மறுநாள் காலையிலேயே ஃபில்டர்களை ஒரு பக்கெட்டில் போட்டு எடுத்து வந்தார்.

ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம். மடிப்புக்கு மடிப்பு பழுப்பு நிறத்தில் வெண்ணெய் மாதிரி ஒரு பசை. விரலில் தேய்த்தால் வழுக்கும், ஆனால் டீசலில் கழுவினால் போகாது, பெட்ரோலிலும் கரையவில்லை. டீசல் பூச்சி (தண்ணீர் தங்கிய டீசலில் வளரும் நுண்ணுயிர்) பிடித்தால் கருப்பாக, சவ்வு மாதிரி, நாற்றத்தோடு வரும். இது அது இல்லை.

பிறகு படகுக்குப் போய், மெயின் தொட்டியின் அடியிலிருந்து வடித்து, வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க அசைக்காமல் வைத்தோம். காலையில் மூன்று அடுக்கு தெரிந்தது. அடியில் தண்ணீர், மேலே டீசல், இரண்டுக்கும் நடுவில் விரல் கனத்துக்கு அதே பழுப்புப் பாடை, பாலில் ஆடை படிகிற மாதிரி.

மண்ணெண்ணெய் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் இயல்பாகவே வரும், வள்ளம் வைத்திருக்கும் வீடுகளில் மண்ணெண்ணெய் கையோடு இருக்கும். மேலடுக்கு டீசலை ஹைட்ரோமீட்டரில் பார்த்தோம். பில்லில் இருந்த அடர்த்தியோடு ஒத்துப்போனது. அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? அரைகுறையாக நிரம்பிய தொட்டியில் காற்றின் ஈரம் வியர்த்து இறங்கும், அது நல்ல தண்ணீர். கடல் புகுந்தால் உப்புத் தண்ணீர். ஒரு கல்லூரி வேதியியல் ஆசிரியரிடம் கொண்டுபோனோம். சில்வர் நைட்ரேட் கரைசலில் இரண்டு சொட்டு விட்டார். குழாய்த் தண்ணீரில் லேசாக மங்கியது. எங்கள் பாட்டில் தண்ணீரில் விட்டதும் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது. துறைமுகத்தில் மொண்ட கடல் தண்ணீரிலும் அப்படியேதான். பழுப்புப் பாடையில் கொஞ்சம் எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கினார். பாடை உடைந்து, எண்ணெய் மேலே மிதந்தது. "இது சோப்பு" என்றார்.

சோப்பு எப்படி வந்தது

மசகு அடிட்டிவ்களில் பெரும்பாலானவை இரண்டு வகை. கொழுப்பு அமிலங்களை அப்படியே பயன்படுத்துபவை ஒன்று, அந்த அமிலங்களை ஆல்கஹாலோடு சேர்த்து எஸ்டர் என்ற சேர்மமாக மாற்றியவை இன்னொன்று. (அமைடு வகையும் உண்டு.) இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். மூலக்கூறின் ஒரு முனை இரும்பைப் பிடித்துக்கொள்ளும், வால் வழுக்கும் படலமாக நிற்கும். சாலையில் ஓடும் லாரியில், காய்ந்த சுத்தமான டீசலில், எது ஊற்றினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

படகில் தெரியும். அமில வகை உப்புத் தண்ணீரைத் தொட்டால், அதிலுள்ள சோடியம், கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். போர் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்தால் வாளி ஓரத்தில் படியும் வெள்ளைப் பாடையும் இதே சரக்குதான். எஞ்சின் ஆயில் இன்னொரு வழி. எஞ்சினில் உண்டாகும் அமிலத்தை முறிக்கவென்றே அந்த ஆயிலில் கால்சியம் காரப்பொருள் சேர்த்திருக்கிறார்கள். அது அடிட்டிவின் அமிலத்தையும் பிடித்துக்கொண்டு கால்சியம் சோப்பாகும். இந்தத் தொட்டியில் மூன்றும் ஒன்றாக இருந்தன: கடல் தண்ணீர், எஞ்சின் ஆயில், இரண்டு மடங்கு அடிட்டிவ்.

பாட்டிலில் எந்த வகை என்று எழுதியிருக்காது. இதிலும் எழுதியிருக்கவில்லை. விற்றவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது கொழுப்பு அமிலம் என்று இருந்தது.

பங்கிலிருந்து நேரடியாகப் பிடித்த டீசல் மாதிரியைச் சென்னையில் உள்ள ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். மசகு 460 மைக்ரான் வரம்புக்குள் இருந்தது. ஆக, முதல் பம்ப் தேய்ந்ததற்கு டீசலைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர்தான் ரோட்டரியைத் தின்றிருக்கிறது என்பது எங்கள் முடிவு. தண்ணீர் வந்த இடத்தில் படலம் நிற்காது, உப்பு துருவையும் கொண்டுவரும்.

என்ன ஊற்றுவது: எடுத்த முடிவும் காரணமும்

பட்டறையில் உட்கார்ந்து பேசினோம். உரிமையாளர் இருவரும், டிரைவரும், நாங்களும். "ஒண்ணும் ஊத்தாம விட்டா மறுபடி பம்ப் போவாதா?" என்பது அண்ணனின் கவலை. நியாயமான கேள்வி. புதுப் பம்ப் விலை அவருக்குத் தெரியும்.

மெயின் எஞ்சினுக்கு ஒன்றும் வேண்டாம் என்று உடனே முடிவானது. இன்லைன் பம்பைக் கழற்றிப் பார்த்ததில் பிளஞ்சர்கள் நன்றாகவே இருந்தன, டீசலும் தரத்தில் தேறியது. ஜெனரேட்டர் பம்புக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் கடலில் வாரக்கணக்கில் ஓடும் படகில் ஒரு துளி தண்ணீர்கூட வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் மசகு இருப்பது நல்லது என்று நாங்களும் நினைத்தோம்.

டூஸ்ட்ரோக் ஆயில் ஊற்றலாமே என்று பேச்சு வந்தது. அது பெட்ரோலோடு கலந்து எரிந்து போவதற்காகச் செய்த ஆயில். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போதுமான ஆயில் என்பதால், டீசலில் கொஞ்சமாகக் கலந்தபோது பம்ப் ரோலரில் படலம் கட்டும் என்று அர்த்தமாகாது. அதை நம்பிப் பம்பைப் பணயம் வைக்க முடியாது. எஞ்சின் ஆயில் ஏற்கெனவே என்ன செய்தது என்று பக்கெட்டில் கிடந்தது. எரிந்தபின் சாம்பலாகி, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலின் முனையில் படிவதும் அதன் குணம்.

தேங்காய் எண்ணெய்? சிரிக்க வேண்டாம், தென்னந்தோப்பு நடுவே வாழும் ஊரில் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார்கள். பச்சை எண்ணெய்க்கும் மசகு கொடுக்கும் தன்மை உண்டு. ஆனால் அது முழுசாக எரியாமல் நாசிலில் கோந்தாகப் படியும், சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்தும் விடும். அதே எண்ணெயை வேதிமுறையில் பயோடீசலாக மாற்றினால் கதை வேறு. மசகு என்று மட்டும் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு பயோடீசலே போதும், நல்ல பலன் தரும். அதை நான் மதிக்கிறேன். சாலை வண்டியாக இருந்தால் யோசித்திருப்போம். படகில் வேண்டாம் என்றதற்குக் காரணம், அது டீசலைவிட அதிக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நாள்பட்டால் கெடும், பூச்சி பிடிக்க இடம் கொடுக்கும். தடைக்காலத்தில் இரண்டு மாதம் தொட்டி சும்மா கிடக்கும் தொழிலுக்கு அது பொருந்தாது.

"தண்ணீரை நீக்கும்" என்று விற்கும் பாட்டில்களையும் ஒதுக்கினோம். அவற்றில் சில தண்ணீரை டீசலோடு கலக்கச் செய்து ஃபில்டரைத் தாண்ட வைப்பவை. வெளியே வடிய வேண்டிய தண்ணீரை நாசிலுக்கே கொண்டுபோய் விடும். நமக்கு வேண்டியது தண்ணீரைத் தனியாக அடியில் தங்க விடும் அடிட்டிவ்.

எஸ்டர் வகை மிஞ்சியது. தரவுத் தாளைப் பார்த்து மட்டும் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் பாட்டிலில் ஒரு பரிசோதனை. ஒரே மாதிரிக் கண்ணாடி பாட்டில்களில் பெட்ரோல் பங்கில் பிடித்த டீசல், அதோடு கால் பங்கு கடல் தண்ணீர். ஒன்றில் வெறும் டீசல். ஒன்றில் பழைய அமில வகை அடிட்டிவ். ஒன்றில் எஸ்டர் வகை. அதே இரண்டையும் எஞ்சின் ஆயில் கலந்த டீசலில் போட்டு இன்னும் இரண்டு. எல்லாவற்றையும் டிரைவரே அளந்து ஊற்றி, மூடி, அழுத்திக் குலுக்கி, பட்டறை ஜன்னல் திட்டில் வைத்தார். மறுநாள் வெறும் டீசலில் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கோடு கத்தியால் அறுத்த மாதிரி இருந்தது. எஸ்டர் பாட்டிலில் கோட்டருகே சில குமிழ்கள், அவ்வளவுதான். அமில வகையில் கோட்டின் மேல் சல்லடைத் துணி போல ஒரு வெள்ளைப் பாடை. ஆயிலும் அமில வகையும் சேர்ந்த பாட்டிலில் டீசலே மங்கியிருந்தது, நாலைந்து நாளில் அந்த மங்கல் பழுப்புப் பசையாக அடியில் இறங்கியது. எஸ்டரும் ஆயிலும் சேர்ந்த பாட்டில் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் பாடை கட்டவில்லை.

டிரைவர் அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இதத்தான் நான் தொட்டிக்குள்ள செஞ்சிருக்கேன்" என்றார். அதற்குப்பின் ஆயில் பேச்சே எழவில்லை.

அளவு விஷயத்திலும் ஒரு முடிவு எடுத்தோம். மசகு அடிட்டிவ் இரும்புப் பரப்பை மூடும்வரைதான் வேலை செய்யும். பரப்பு மூடியபின் எவ்வளவு ஊற்றினாலும் தழும்பு மேலும் சுருங்காது. கூடுதல் சரக்கு தண்ணீரையும் அழுக்கையும் கலக்கத்தான் உதவும். அதனால் லேபிள் அளவு மட்டும், ஜெனரேட்டரின் சிறு தொட்டிக்கு மட்டும், டீசல் நிரப்பும் முன் அடிட்டிவை விட்டு மேலே டீசலைப் பிடித்தால் தானே கலந்துவிடும்.

தண்ணீர் வந்த வழி

இதைச் செய்யாமல் அடிட்டிவ் மட்டும் மாற்றியிருந்தால் எல்லாம் வீண். டெக்கில் இருக்கும் டீசல் மூடியின் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து, மூடியை இறுக்கித் திறந்து பார்த்தோம். ரப்பர் வளையத்தில் வெள்ளைக் கோடு முழு வட்டமாக விழ வேண்டும். ஒரு பக்கம் நாலு விரல் அகலத்துக்குக் கோடே இல்லை. டெக்கில் அலை ஏறும்போதெல்லாம் அந்த இடத்தில் கடல் இறங்கியிருக்கிறது. காற்றுக்குழாயும் முன்பு ஒரு வெல்டிங் வேலையில் குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. வளையத்தை மாற்றி, குழாயை உயர்த்தி, வாயைக் கீழ்நோக்கி வளைத்தார்கள். தொட்டிகளைக் காலி செய்து, ஆள் இறங்கித் துடைத்தார்கள். ஜெனரேட்டர் லைனில் அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள தண்ணீர் பிரிப்பான் ஒன்றைச் சேர்த்தோம்.

பிறகு நடந்தது

முதல் ஓட்டம் நிம்மதியாக இருக்கவில்லை. தொட்டியைத் துடைத்தாலும் பைப்பிலும் தொட்டித் தடுப்புகளின் மூலையிலும் பழைய சோப்பு ஒட்டியிருந்தது. அது கழன்று வந்து ஃபில்டரை அடைத்தது. இதை எதிர்பார்த்துக் கூடுதலாக ஃபில்டர் கொடுத்தனுப்பியிருந்ததால் ஆபத்து வரவில்லை. அடுத்தடுத்த ஓட்டங்களில் பசை குறைந்து, பிறகு நின்றுவிட்டது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் தொட்டி அடியிலிருந்து ஒரு பாட்டில் வடித்துப் பார்ப்பதை டிரைவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். கிண்ணத்தில் தண்ணீர் கண்டால் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்.

அடுத்த தடைக்காலத்தில் ரோட்டரி பம்பைத் திறந்தோம். ரோலர்களிலும் கேம் பிளேட்டிலும் சீரான பளபளப்பு, குழியோ துருவோ இல்லை. பம்ப் அடியில் முன்பு மின்னிய இரும்புத் துகள் இந்த முறை இல்லை. பம்பை ஓட்டிப் பார்க்கும் பெஞ்சில், அது வெளியே தள்ளும் டீசலின் அளவு வரம்புக்குள் நின்றது.

இதில் அடிட்டிவின் பங்கு எவ்வளவு, தண்ணீரை நிறுத்தியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு படகு போதாது, எல்லா மாற்றங்களையும் ஒன்றாகவே செய்தோம். பெரும்பங்கு மூடியின் ரப்பர் வளையத்துக்குத்தான் என்பது என் கணிப்பு. எஸ்டர் அடிட்டிவின் பெரிய நன்மை, உப்புத் தண்ணீர் வந்தாலும் புதிய தொல்லை எதையும் சேர்க்காமல் இருந்தது. படகுக்கு அடிட்டிவ் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு வழுக்கும் என்பதற்கு முன்னால், கடல் தண்ணீரைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று அதனால்தான் இப்போது வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

இனி மாற்றுபவை

தேய்ந்த பம்ப் எந்தப் படகிலிருந்து வந்தாலும், தொட்டி அடியிலிருந்து பிடித்த ஒரு பாட்டில் டீசலும் கூடவே வர வேண்டும் என்று எங்கள் பட்டறையில் வைத்துவிட்டோம். அதைப் பார்க்காமல் பம்பைத் திறப்பதில்லை. அடிட்டிவ் பயன்படுத்துகிறவர்களிடம் தரவுத் தாளைக் கேட்கிறோம், கிடைக்காவிட்டால் கடல் தண்ணீர் பாட்டில் பரிசோதனை. வகை மாற்ற நினைப்பவர்கள் பழையதையும் புதியதையும் ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது, இடையில் ஒரு முறை தொட்டியை வடித்துக் காலி செய்துவிட வேண்டும்.

இந்தப் படகில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மெயின் தொட்டியின் வடிகுழாய் அடிமட்டத்துக்கு இரண்டு விரல் மேலே வைத்து வெல்ட் செய்யப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே தங்கும் தண்ணீரை இப்போது கைப்பம்ப் வைத்துத்தான் உறிஞ்சி எடுக்கிறார்கள். அடுத்த ஜூனில் படகு கரை ஏறும்போது தொட்டியின் தாழ்ந்த மூலையில் ஒரு சிறு குழி வைத்து, குழாயை அங்கே மாற்றப்போகிறார்கள்.